நூற்றுக்கு எவ்வளவு?

வங்கியில் முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் போட்டவன் நான். விருதுநகர் பக்கம் கரிசல் காட்டில் கத்தரி நட்ட முதல் வருஷம், அதே சதவீதக் கணக்கில் சறுக்கினேன்.

பஞ்சகவ்யா 3 சதவீதம் தெளிக்கணும்னு சொன்னாங்க. 10 லிட்டர் டேங்கில் 3 லிட்டரை ஊற்றிவிட்டேன். அது 30 சதவீதம்! மூணே நாளில் இலையெல்லாம் ஓரம் கருகிப்போச்சு.

வேலைக்கு வந்த பெரியவர், சிவகாசிப் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். "நூறுக்கு மூணுன்னா பத்துக்கு எம்புட்டு சார்? அங்க அளவு தப்புனா உயிரே போயிரும். இங்க செடியோட போச்சு" என்றார்.

முதலில் 1 சதவீதம் கண்டுபிடிங்க. 10 லிட்டர் என்பது 10,000 மில்லி. நூறால் வகுத்தால் 100 மில்லி. அப்போ 3 சதவீதம் 300 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு 160 மூணு தடவை, 480 மில்லி. மீதிக்குத் தண்ணீர். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலா? 10 லிட்டருக்கு 500 கிராம் பருப்பு.

விதையிலும் இதே கதைதான். ஈரச்சாக்கில் சுருட்டிய 100 விதையில் 70 முளைத்தால் முளைப்புத்திறன் 70 சதவீதம். 700 நாத்து வேணும்னு, குறையும் 30 சதவீதத்தைக் கூட்டி 910 விதை போட்டால் 637தான் தேறும். 700ஐ 70ஆல் வகுத்து நூறால் பெருக்குங்க: 1,000 விதை.

யார் சதவீதம் சொன்னாலும், "எதுல?"ன்னு கேட்டுட்டு ஊத்துங்க. என் டேங்க் மேல இப்போ "300 மில்லி"ன்னு பெயின்ட்ல எழுதியிருக்கு.