கையில் ஒட்டாத கலர்... மர பேனாவுக்குச் சாயம் ஏத்துறது எப்படி?

ஆசைப்பட்டு வாங்கின கலர்ஃபுல் மர பேனா. ஒரு வாரம்கூட ஆகலை... விரல் நுனியெல்லாம் நீலம், சட்டைப் பாக்கெட்டில் கறை. இங்க் லீக் ஆகலையே என்று பார்த்தால், கசிந்தது மரத்துக்குப் போட்ட சாயம்! இது ஏன் நடக்குது, எப்படித் தவிர்ப்பது?

நம்ம ஊர் மரம்தான்!

தேக்கு, ஈட்டி போன்ற அடர் நிற மரங்களில் மஞ்சளோ பச்சையோ எடுபடாது. வெள்ளைத் தாள் மாதிரி வெளிர் மரம் வேண்டும். பொம்மிடி உள்ளிட்ட தருமபுரி, சேலம் வட்டாரத்தில் வளரும் வெட்பாலை அதற்குக் கச்சிதம். தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச இதன் இலையைப் பறிப்பார்களே, அதே மரம்தான். தாவரவியல் பெயர் 'ரைட்டியா டிங்டோரியா'. பெயரிலேயே சாயம் இருக்கு. இதன் இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். கட்டையோ தந்த நிறம், நுண்ணிய இழை.

புவிசார் குறியீடு பெற்ற சென்னபட்டணா, ஏட்டிகொப்பாக்கா பொம்மைகளும் இந்த மரத்தில் கடைந்தவைதான். ஏட்டிகொப்பாக்காவில் இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ரூட் 1: அரக்கு

சாயத்தை மரத்துக்குள் ஊறவிடாமல், அரக்கோடு கலந்து குச்சியாக்கிவிடுவார்கள். கடைசல் மெஷினில் சுற்றும் மரத்தின் மேல் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. நிறம் அரக்குக்குள்ளேயே சிறைப்படுவதால் கையில் ஒட்டாது.

ஒரே வீக்னஸ், ஆல்கஹால். சானிடைசர் ஈரத்தோடு பேனாவைப் பிடித்தால் அரக்கு கரைந்து பிசுபிசுக்கும்.

ரூட் 2: ஊறும் சாயம்

* 150, 220, 320, 400 என வரிசையாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்.

* ஈரத் துணியால் துடைத்தால் மர நார்கள் எழும்பும். காய்ந்ததும் 400-ல் லேசாகத் தேய்க்கவும். இதைச் செய்யாமல் தண்ணீர்ச் சாயம் பூசினால் சொரசொரப்பாகிவிடும்.

* பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெட்டு முனைகளோ அதிகம் குடித்துக் கறுத்துவிடும். அதனால் நீர்க்கக் கலந்து, இரண்டு மூன்று தடவை பூசவும்.

* ஓர் இரவு முழுக்கக் காயவிடவும். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டாதவரை துடைக்கவும். அவசரப்பட்டு ஈரத்தோடு மூடினால் மேல்பூச்சு உரியும். பெரும்பாலான சொதப்பல்கள் இங்கேதான்!

* கடைசியாக மேல்பூச்சு. உலகம் முழுக்கப் பேனா கடைபவர்கள் பலர் நம்பும் பொருள், உடைந்ததை ஒட்டும் இன்ஸ்டன்ட் பசை. டிஷ்யூ பேப்பரில் சில துளிகள் எடுத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை போட்டால் வியர்வை உள்ளே இறங்காது.

கவனம்: பருத்தித் துணியில் இந்தப் பசை கொட்டினால் சூடேறிப் புகையும், கையைச் சுடும். கண்ணாடி, காற்றோட்டம் கட்டாயம்.

வாங்கும் முன்...

மஞ்சள் போன்ற இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீங்க. கடையில் பேனாவை ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. நிறம் ஒட்டினால் அப்படியே திருப்பி வெச்சிடுங்க. எழுதும்போது பேனாவைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், கட்டாயமா!