ஆடாமல் அசையாமல் இருக்கும் பொருளில் ஆற்றல் இருக்கா? மாணவர்கள் குழம்பும் 5 இடங்கள்

மூன்றாவது மாடி பால்கனி. கைப்பிடிச் சுவர் மேல் 2 கிலோ பூந்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஆற்றல் உண்டா என்று கேட்டால், "சும்மாதானே இருக்கு, ஆற்றல் ஜீரோ" என்று பல மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். தேர்வில் இப்படி எழுதினால் மார்க் போகும். வீட்டில் இப்படி நினைத்தால், கீழே நடந்து போகிறவருக்கு ஆபத்து.

1. அசையவில்லை என்றால் ஆற்றலே இல்லையா?

ஓய்வில் இருக்கும் பொருளுக்கு ஜீரோ ஆவது இயக்க ஆற்றல் மட்டும்தான். உயரத்தால் வந்த நிலை ஆற்றல் அப்படியே இருக்கும். தொட்டி தெருவிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்: 2 × 9.8 × 10 = 196 ஜூல்.

2. விழும்போதுதான் ஆற்றல் உருவாகிறதா?

இல்லை. தொட்டியை மேலே தூக்கி வந்தபோது செய்த வேலைதான் சேமிப்பாக இருக்கிறது. விழ விழ நிலை ஆற்றல் குறையும், இயக்க ஆற்றல் கூடும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கி.மீ. ரோட்டில் போகும் பைக்கின் வேகம் அது!

3. தாங்கும் சுவர் ஆற்றலைச் செலவழிக்கிறதா?

சுவர் மேல்நோக்கி விசை தருகிறது. ஆனால் தொட்டி நகரவில்லை. அதனால் செய்த வேலை ஜீரோ. விசை வேறு, ஆற்றல் வேறு. அதே தொட்டியைக் கையில் பிடித்தால் களைப்பு வருவது ஏன்? இறுக்கமாகவே இருக்க தசைகள் உள்ளுக்குள் ஆற்றலைச் செலவழிப்பதால்தான்.

4. உயரத்தில் இருந்தால் மட்டும்தான் ஆற்றலா?

இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் மீட்சி நிலை ஆற்றல் இருக்கிறது. மேஜையில் கிடக்கும் பேட்டரியிலும், மூலையில் நிற்கும் கேஸ் சிலிண்டரிலும் இருப்பது வேதி ஆற்றல். மூன்றுமே அசையாதவைதான்.

5. அந்த 196 ஜூல் மாறவே மாறாதா?

எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். சுவரின் உயரம் 1 மீட்டர் என்றால், பால்கனி தரையிலிருந்து அளக்கும்போது வெறும் 19.6 ஜூல். இரண்டு விடையும் சரி. எந்த மட்டத்திலிருந்து அளந்தோம் என்பதை விடைத்தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். தொட்டி உள்பக்கம் விழுந்தால் 19.6 ஜூல், வெளிப்பக்கம் விழுந்தால் 10 மடங்கு. சுவரிலிருந்து இறக்கி பால்கனி தரையில் வைத்தாலும், தெருவைப் பொறுத்து 176 ஜூலுக்கு மேல் அதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் தெருவில் விழ அதற்கு வழி இருக்காது.