ஸ்பீக்கரில் கோளாறு இல்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், வீடியோ ஓடும்போது சத்தம் வரவில்லை என்றால் என்ன செய்வார்கள்? முதலில் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்ப்பார்கள். அடுத்து, டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து ஒலி அளவைக் கூட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போவது நிச்சயம்.

ஆனால், வேண்டுமென்றே பேச்சை எடுத்துவிட்டு ஒரு டிவி எபிசோடைத் தயாரித்திருக்கிறார்கள். காது கேளாத ஒருவரின் பக்கத்தில் நம்மை உட்கார வைத்துக் கதை சொல்வதற்காக இந்த ஏற்பாடு. அது எப்படிச் செய்யப்படுகிறது, அதில் உள்ள ஒலி வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே எப்படிச் சோதித்துப் பார்க்கலாம், அதிலிருந்து நம் வீட்டுக்கு என்ன பயன் என்பதை இங்கு பார்ப்போம்.

ஒலியை நம்பும் கதையில் ஒலி இல்லாத ஒருவர்

அமெரிக்காவின் ஹுலு தளத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய துப்பறியும் தொடர் ‘ஒன்லி மர்டர்ஸ் இன் த பில்டிங்’. நியூயார்க் நகரின் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் கொலை நடக்கிறது. அங்கு வசிக்கும் மூன்று பேர் (ஸ்டீவ் மார்ட்டின், மார்ட்டின் ஷார்ட், செலினா கோமஸ்) துப்புத் துலக்கக் கிளம்புகிறார்கள். சும்மா துலக்கவில்லை, தாங்கள் கண்டுபிடிப்பதை எல்லாம் பாட்காஸ்ட்டாகப் பேசி வெளியிடுகிறார்கள். பாட்காஸ்ட் என்பது ரேடியோ நிகழ்ச்சி போன்றது. காதால் மட்டுமே அனுபவிக்கக் கூடியது.

முதல் பருவத்தின் ஏழாவது எபிசோட், ‘த பாய் ஃப்ரம் 6பி’. 2021 செப்டம்பரில் வந்தது. இயக்கியவர் ஷெரியன் டாபிஸ். இதில் கதை, அதே கட்டடத்தில் வசிக்கும் தியோ என்ற காது கேளாத இளைஞரின் கைக்குப் போகிறது. தியோவாக நடித்த ஜேம்ஸ் கேவர்லி, நிஜ வாழ்விலும் காது கேளாதவர். சுமார் அரை மணி நேரம் ஓடும் இந்த எபிசோடில் பேச்சுக் குரல் கிட்டத்தட்ட கிடையாது. தியோவும் அவருடைய தந்தையும் சைகை மொழியில் பேசிக் கொள்கிறார்கள். நமக்கு அது எழுத்தாகத் திரையில் வருகிறது. அதுவரை மூன்று துப்பறிவாளர்களின் வாயைப் பார்த்துக் கொண்டிருந்த நாம், முதல் முறையாக அவர்களை வெளியில் இருந்து பார்க்கிறோம்.

இங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. காது கேளாத பாத்திரங்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. 2007ல் வந்த ‘மொழி’ படத்தில் ஜோதிகா அப்படி ஒரு பெண்ணாகச் சிறப்பாக நடித்தார். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும், அவரை விரும்பும் இசைக் கலைஞரின் பக்கத்தில் இருந்தே நமக்குச் சொல்லப்படுகிறது. காது கேட்பவர் கேட்காதவரைப் பார்க்கும் பார்வை அது. தியோவின் எபிசோடில் அந்த நாற்காலி இடம் மாறுகிறது.

மௌனம் என்பது பூஜ்யம் அல்ல

பேச்சை எடுத்துவிடுவது எளிதுதானே, ‘மியூட்’ பட்டனை அழுத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஒலியை முழுதாகப் பூஜ்யம் ஆக்கினால், பார்ப்பவருக்குக் கதை மறந்து ஸ்பீக்கர் நினைவு வந்துவிடும். அதனால் ஒலிக் கலைஞர்கள் இரண்டு வழிகளைக் கலந்து பயன்படுத்துவது வழக்கம். ஒன்று, உயர் அதிர்வெண் ஒலிகளை வடிகட்டிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வருவது போன்ற மந்தமான ஒலியை மட்டும் விடுவது. இரண்டாவது, எந்த அறையிலும் இருக்கும் மெல்லிய இரைச்சலை மட்டும் அடியில் ஓடவிடுவது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச ஒலித் தொகுப்பு புரோகிராமை அதன் தளத்தில் இருந்து இறக்கி இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். மைக்கில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பின்னர் கண்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுங்கள். எபெக்ட் மெனுவில் ‘லோ-பாஸ் பில்டர்’ என்பதைத் தேடிக் கிளிக் செய்யுங்கள். (புதிய பதிப்புகளில் இது ஒரு துணை மெனுவிற்குள் இருக்கும்.) அதிர்வெண் கட்டத்தில் 500 ஹெர்ட்ஸ் என்று கொடுத்து, ‘ரோல்-ஆப்’ அளவை 24 டெசிபல் ஆக்கி இயக்குங்கள்.

நான் செய்து பார்த்தபோது கிடைத்தது இதுதான்: யாரோ பேசுகிறார்கள் என்று தெரிகிறது. குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. கேள்வி கேட்கிறாரா, திட்டுகிறாரா என்றுகூட ஊகிக்க முடிகிறது. ஆனால் என்ன சொல்கிறார் என்பது தெளிவாக இல்லை. ச, ஸ போன்ற மெய் ஒலிகளின் வலு மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அவை போனால் சொல்லின் எலும்பே போய்விடுகிறது. வயதான பலருக்கு முதலில் குறைவதும் இந்த உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான். “சத்தம் கேட்குது, பேச்சு புரியலை” என்று உங்கள் வீட்டுத் தாத்தா சொன்னால், அதன் பொருள் இதுவாக இருக்கலாம்.

அடுத்து, பதிவின் நடுவில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எல் அழுத்துங்கள். அந்த இடம் மட்டும் முழு மௌனமாகும். இப்போது கேளுங்கள். பேச்சுக்கு இடையில் நாம் இயல்பாக நிறுத்தும் இடைவெளியில் மின்விசிறி ஓசையாவது இருக்கும். நீங்கள் உருவாக்கிய மௌனத்தில் எதுவுமே இல்லாததால், தரையில் பள்ளம் விழுந்தது போல் இருக்கும்.

ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். பிறவியிலேயே காது கேளாதவர், மந்தமான ஒலியையோ மௌனத்தையோ ‘கேட்டுக்’ கொண்டிருப்பதில்லை. இந்த வடிகட்டல் எல்லாம் காது கேட்கும் நமக்காகச் செய்யப்படும் ஏற்பாடு.

பணமா, மணமா?

ஒலி போனால் கதை கண்ணுக்கு வந்தாக வேண்டும். சாதாரண டிவி காட்சியில், ஒருவர் பேசிக் கொண்டிருக்கும்போதே கேமரா கேட்பவரின் முகத்துக்குப் போய்விடும். குரல் பின்னால் தொடரும். வாக்கியம் அறுந்து போகாது. சைகை மொழியில் இது முடியாது. கையை விட்டுக் கேமரா நகர்ந்தால் அந்த வாக்கியமே தொலைந்துவிடும். முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டினாலும் இதே சிக்கல். கைகளும் முகமும் சேர்ந்து தெரியும்படி சற்று விலகி நின்று படம் பிடிக்க வேண்டும். வெட்டும் இடங்களையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

தியோ உதட்டசைவையும் படிக்கக் கூடியவர். இது சினிமாவில் மந்திரம் போலக் காட்டப்படுவது உண்டு. உண்மை வேறு. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘பணம்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மணம்’ என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். ‘க’ தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. பேசுபவர் தலையைத் திருப்பினால், தாடியைத் தடவினால், எதிரில் இருப்பவர் மீதியை ஊகித்துக் கொள்ள வேண்டும். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கண் எது? எல்லோரும் பாதித் தகவலை வைத்து மீதியை ஊகிக்கும் கதை அல்லவா அது!

இன்னொரு விளைவும் உண்டு. வெங்காயம் நறுக்கிக் கொண்டே சீரியல் ‘கேட்பவர்களால்’ இத்தகைய எபிசோடைத் தொடர முடியாது. உட்கார்ந்து, திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

முன்னோடி

இதற்கு முன்பே, ஏபிசி பேமிலி சேனலில் 2011ல் தொடங்கி, 2017 வரை வந்த ‘ஸ்விட்ச்ட் அட் பர்த்’ தொடர் இந்த வழியில் சென்றது. பிறந்தபோது மருத்துவமனையில் மாறிப் போன இரு பெண்களின் கதை. அவர்களில் ஒருத்திக்குக் காது கேட்காது. 2013 மார்ச் 4 அன்று ஒளிபரப்பான ஓர் எபிசோட் கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க சைகை மொழியிலேயே அமைந்தது. தங்கள் பள்ளி மூடப்படக் கூடாது என்று காது கேளாத மாணவர்கள் பள்ளியைக் கைப்பற்றுவதே கதை. வாஷிங்டனில் உள்ள கலாடெட் பல்கலைக் கழகத்தில் 1988 மார்ச்சில் நடந்த மாணவர் போராட்டத்தை அது நினைவுபடுத்தியது. காது கேளாதவர்களுக்கான அந்தப் பல்கலைக் கழகத்துக்கு, காது கேளாத ஒருவரே தலைவராக வேண்டும் என்று மாணவர்கள் ஒரு வாரம் போராடி வென்றார்கள்.

எழுத்துதான் டிக்கெட்

டி.டி.பி. வேலை செய்யும் என் நண்பர் ஒருவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் பேசிக் கொள்வது பெரும்பாலும் மொபைலில் டைப் செய்துதான். தியோவின் எபிசோடைப் பற்றி வியந்து நான் நீளமாக எழுதி அனுப்பினேன். பேச்சு இல்லாததில் என்ன வியப்பு, எனக்கு எல்லா எபிசோடும் அப்படித்தானே என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பட்ட வித்தியாசம் வேறு. இதில் மட்டும் தனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கதை கிடைத்தது என்றார். வழக்கமான தொடர்களில் கீழே ‘இசை’ என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். அது சோக இசையா, பேய் வரப் போகும் இசையா என்று யாரும் எழுதுவதில்லை என்பது அவருடைய நீண்ட நாள் வருத்தம்.

அவர் சொன்ன பிறகு யோசித்தால், விஷயம் தெளிவாகிறது. நமக்கு அந்த மௌனம் அரை மணி நேர அனுபவம். அடுத்த எபிசோடில் குரல்கள் திரும்பிவிடும். அவருக்கு அடுத்த எபிசோடின் கதவைத் திறப்பது திரையில் வரும் எழுத்து மட்டுமே.

அந்த எழுத்தும் எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1972ல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியில், எல்லோருக்கும் தெரியும்படி எழுத்துக்கள் காட்டப்பட்டன. வேண்டியவர் மட்டும் பார்க்கும் ‘குளோஸ்டு கேப்ஷன்’ 1980ல் வந்தது. அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். 1990ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1993 ஜூலை முதல் அங்கு விற்பனைக்கு வரும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிக்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று.

நோட்பேட் போதும்

நம் வீட்டு வீடியோக்களுக்கு இந்த வசதியைத் தர எந்தச் சட்டமும் வேண்டாம். விலை கொடுத்து சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். உங்களிடம் ‘கல்யாணம்’ என்ற பெயரில் ஒரு வீடியோ பைல் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நோட்பேடைத் திறந்து கீழ்க்காணுமாறு டைப் செய்திடுங்கள்.

1
00:00:05,000 --> 00:00:08,500
அத்தை: மாலையை எடுத்துக் கொடுங்கள்!

2
00:00:09,000 --> 00:00:13,000
[கெட்டிமேளம் முழங்குகிறது]

முதல் வரி வரிசை எண். இரண்டாவது வரியில், எழுத்து எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரம்: மணி, நிமிடம், நொடி, காற்புள்ளிக்குப் பின் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு பேச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வெற்று வரி கட்டாயம்.

சேவ் செய்யும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பைல் பெயர் வீடியோவின் பெயராகவே இருக்க வேண்டும். ஆனால் புள்ளிக்குப் பின் எஸ், ஆர், டி என்ற மூன்று எழுத்துக்களை ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். ‘சேவ் அஸ் டைப்’ கட்டத்தில் ‘ஆல் பைல்ஸ்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் தன் நீட்டிப்பைப் பின்னால் ஒட்டிவிடும். ‘என்கோடிங்’ கட்டத்தில் யூ.டி.எப்-8 இருக்கட்டும். பழைய விண்டோஸில் அங்கு ஏ.என்.எஸ்.ஐ. என்று இருக்கும், அப்படியே விட்டால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக் குறிகளாகிவிடும்.

இரண்டு பைல்களையும் ஒரே போல்டரில் வைத்து, வி.எல்.சி. பிளேயரில் வீடியோவைத் திறந்தால் எழுத்துக்கள் தானாக வரும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால், டூல்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, சப்டைட்டில் பிரிவில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து பேச்சுக்கு முன்னால் ஓடினால் எச் கீயும், பின்தங்கினால் ஜி கீயும் அழுத்திச் சரி செய்திடலாம்.

ஆங்கிலப் பேச்சு என்றால் இன்னும் எளிது. விண்டோஸ் 11ல் 2022ஆம் ஆண்டின் அப்டேட் முதல் ‘லைவ் கேப்ஷன்ஸ்’ உள்ளது. விண்டோஸ், கண்ட்ரோல், எல் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால், கம்ப்யூட்டரில் ஓடும் பேச்சு எழுத்தாகத் திரையில் வரும். பெயர்களைத் தவறாக எழுதும். பின்னணி ஓசைகளின் உணர்ச்சியை அதனால் சொல்ல முடியாது. அந்த வேலை மனிதர்களுக்குத்தான்.

எனவே, உங்கள் வீடியோவில் பேச்சை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘இசை’ என்று போடுவதற்குப் பதில் ‘நாதஸ்வரம் மெல்ல வாசிக்கப்படுகிறது’ என்று போடுங்கள். ‘சத்தம்’ என்பதற்குப் பதில் ‘வெளியே குழந்தைகள் பட்டாசு வெடிக்கிறார்கள்’ என்று போடுங்கள். முடித்ததும் எம் கீயை அழுத்தி ஒலியை நிறுத்திவிட்டு, வீடியோவை முதலில் இருந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்கே புரியவில்லையோ, அங்கு இன்னும் ஒரு வரி தேவைப்படுகிறது.