பீரங்கியை உருக்கி வார்த்த மணி

நினைவு மணிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எடையில்தான் தொடங்கும். மாஸ்கோவின் ஜார் மணி ஏறத்தாழ 200 டன் என்று கேட்டால் யாரும் வாய்பிளக்கத்தான் செய்வார்கள். ஆனால் 1735-இல் வார்த்த அந்த மணி ஒருமுறைகூட ஒலித்ததில்லை. வார்த்த குழியைவிட்டு மேலே ஏற்றுவதற்குள், 1737-இல் கிரெம்ளினில் பற்றிய தீயில் விரிசல் கண்டு, பதினோரு டன்னுக்கு மேற்பட்ட ஒரு சில்லு தனியே பெயர்ந்துவிட்டது. நூறாண்டு கழித்துத்தான் அதைத் தூக்கிப் பீடத்தில் வைத்தார்கள். வார்ப்பு வேலை என்ற அளவில் பெரிய சாதனைதான். பொதுக்கலையாக ஒரு மணியை மதிப்பிட எடை போதாது என்பது என் கருத்து. அதை எதற்காக அடிக்கிறார்கள், உடைந்தால் மறுபடி வார்க்க யார் முன்வருகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

வட இத்தாலியில் ரொவரேட்டோ என்றொரு சிறு நகரம். முதல் உலகப் போர்வரை அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. போருக்குப் பின் இத்தாலிக்குக் கைமாறியது. அந்த வட்டார இளைஞர்களில் பெரும்பாலோர் பேரரசின் படையில் சண்டையிட்டார்கள். சிலர் எல்லை தாண்டிப் போய் இத்தாலியப் படையில் சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் யாருக்கு நினைவுச் சின்னம் எழுப்புவது? அந்தோனியோ ரொசாரோ என்ற உள்ளூர்ப் பாதிரியார் சொன்ன விடை, எல்லாருக்கும். போரில் மோதிய நாடுகளிடமிருந்து பீரங்கி வெண்கலத்தைக் கேட்டு வாங்கி, இறந்தவர் அத்தனை பேருக்காகவும் ஒரே மணி வார்ப்பது அவர் திட்டம். 19 நாடுகளின் பீரங்கி உலோகம் அதில் சேர்ந்தது. 1924-இல் திரெந்தோ நகரில் வார்த்த மணி, 1925 அக்டோபரில் ரொவரேட்டோ கோட்டையிலிருந்து முதன்முதலாக ஒலித்தது. பெயர் மரியா தொலென்ஸ், துயருறும் மரியாள். புடைப்புச் சிற்பங்களைச் செய்தவர் ஸ்தெஃபானோ சூயெக்.

பீரங்கியை மணியாக்குவது வெறும் சடங்கு என்று நினைக்கலாம். பட்டறையில் அது லேசான வேலை இல்லை. பீரங்கி வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெடி அதிர்ச்சியைத் தாங்க அந்த அளவே ஏற்றது. மணிக்கு ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். வெள்ளீயம் கூடக்கூட நாதம் கூடும். கூடவே உலோகம் நொறுங்கும் தன்மையும் வரும். ஆகவே நல்ல மணி என்பதே உடையக்கூடிய மணிதான். விரிசல் விட்ட சிலையை ஒட்டுப்போட்டு நிறுத்திவிடலாம். மணியின் பழைய நாதத்தை மீட்கப் பெரும்பாலும் மறுபடி உருக்கி வார்க்கத்தான் வேண்டும். மரியா தொலென்ஸுக்கு அது இருமுறை நடந்தது. 1939-இல் வெரோனாவில் மறுவார்ப்பு. 1960-இல் சரிசெய்ய முடியாத விரிசல். 1964-இல் மூன்றாவது வார்ப்பு. இன்றுள்ள 22.6 டன் மணியைப் போப் ஆறாம் பால் 1965-இல் ரோமில் ஆசீர்வதித்தார். பிறகு ரொவரேட்டோவின் மிராவாலே குன்றில் நிறுவினார்கள். ரொசாரோ 1952-இலேயே காலமாகிவிட்டார். அவர் இல்லாத காலத்திலும் அதை மறுபடி வார்க்க ஆட்கள் முன்வந்ததை, மணியின் உருவ அழகைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

இதெல்லாம் பாசாங்கு என்பாரும் உண்டு. முசோலினி ஆட்சியில், மன்னர் முன்னிலையில் ஒலித்த சமாதான மணி எந்தப் போரைத் தடுத்தது? எதையும் தடுக்கவில்லை, பதினைந்தே ஆண்டில் இத்தாலி மீண்டும் உலகப் போரில் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கான கோயில் மணிகளைக் கழற்றி ஆயுதத்துக்காக உருக்கினார்கள். ஆனாலும் அதே வட்டாரத்தில், வடக்கே போல்சானோவில், 1928-இல் திறந்த வெற்றிச் சின்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபாசிஸ்ட் சின்ன வடிவிலேயே தூண்கள். இத்தாலியர் வந்து மற்றவர்களுக்கு நாகரிகம் கற்பித்தார்கள் என்று லத்தீன் வாசகம். அங்குள்ள ஜெர்மன் பேசும் மக்களை அது பல பத்தாண்டுகள் உறுத்தியது. கடைசியில் 2014-இல் அதன் அடியிலேயே வரலாற்றை விளக்கும் கண்காட்சி ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. ரொவரேட்டோ மணியும் அதே ஆட்சிக் காலத்தில் எழுந்ததுதான். ஆனால் அது தோற்றவரையும் சேர்த்துக்கொண்டது; இன்றும் மாலைதோறும் நூறு முறை ஒலிக்கிறது.

ஃபிலடெல்பியாவின் லிபர்ட்டி மணி விரிசல் விட்டு, 1846-க்குப் பிறகு முறையாக ஒலிக்கவே இல்லை. அதைவிடப் புகழ்பெற்ற மணி உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் புகழ் விரிசலால் மட்டும் வந்ததில்லை. அடிமை முறையை எதிர்த்தவர்கள் 1830-களில் அதைத் தங்கள் சின்னமாக்கி, லிபர்ட்டி மணி என்ற பெயரைப் பரப்பினார்கள். 1915-இல் பென்சில்வேனியாவில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய கேதரின் வென்ட்வொர்த் ரஷென்பெர்கர், அதே மணியின் விரிசலில்லாத நகலை வார்க்கச் செய்து, பெண்களுக்கு வாக்கு கிடைக்கும்வரை ஒலிக்கக்கூடாது என்று அதன் நாக்கைச் சங்கிலியால் கட்டிவைத்தார். லாரியில் ஏற்றி மாநிலத்தின் 67 கவுண்டிகளுக்கும் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு வாக்கெடுப்பில் தோற்றார்கள். 1920-இல் அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியபின், செப்டம்பர் 25 அன்று சங்கிலியை அவிழ்த்து அடித்தார்கள். அசலுக்குக் கூட்டம் அதிகம். ஆனால் பொதுக்கலை எது என்றால், என் வாக்கு இந்த நகலுக்குத்தான்.