கஞ்சித் தொட்டியில் குதிக்கும் எண்

சங்கரன்கோவில் வட்டார விசைத்தறிகளில் ஓடும் பாவு, தறிக்கு ஏறுமுன் சைசிங்கில் கஞ்சி குடித்து வர வேண்டும். பருத்தி நூலுக்கான ஸ்டார்ச் கஞ்சி 90 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். சூடு குறைந்தால் கஞ்சி கெட்டியாகி நூலுக்குள் இறங்காது. பிறகு தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் தொட்டிக்குள் ஒரு தெர்மோகப்பிள், பேனலில் நீராவி வால்வை ஆட்டுவிக்கும் ஒரு கன்ட்ரோலர்.

அந்தக் கன்ட்ரோலரில் எண் 90, 97, 84 என்று குதித்தால் பலரும் முதலில் சென்சாரை மாற்றுவார்கள். காசுதான் வீண். ஒரு தொட்டிக் கஞ்சி நொடிப்பொழுதில் பத்து டிகிரி ஏறி இறங்க வழியே இல்லை. குதிப்பது கஞ்சியின் சூடு அல்ல, கம்பியில் வரும் மின்னழுத்தம்.

இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற விளைவை 1821-இல் கவனித்தவர் சீபெக். பிறப்பது மிகச் சொற்பம். கே வகைத் தெர்மோகப்பிளில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். பேனல் 30 டிகிரியிலும் கஞ்சி 90 டிகிரியிலும் இருந்தால் மொத்தமே இரண்டரை மில்லிவோல்ட்தான். பக்கத்திலேயே 415 வோல்ட் மோட்டார் கேபிள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், அந்த மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குள் காதோடு ரகசியம் சொல்வது போலத்தான்.

இந்தத் தொல்லை இரண்டு வழியாக நுழைகிறது. காந்தப்புலம் வழியாக வருவதை, இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அடுத்தடுத்த முறுக்குகளில் தொல்லை மின்னழுத்தங்கள் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த உத்தி தொலைபேசிக்காக வந்தது; கிரகாம் பெல் 1881-லேயே கண்டது. மின்புலம் வழியாக வருவதை, கம்பிகளைச் சுற்றியுள்ள ஷீல்டு தடுக்கும். ஆனால் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்துவிடுகிறார்கள். இரண்டு எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் ஷீல்டு வழியே மின்னோட்டத்தை ஓட்டி, காக்க வந்ததையே தொல்லையாக்கும். பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வால்வை முதலில் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிரைவை நிறுத்திப் பாருங்கள். எண் அடங்கினால் ஆள் அகப்பட்டான். அடுத்து, டிரைவை மறுபடி ஓடவிட்டு, தொட்டிப் பக்கம் தெர்மோகப்பிளைக் கழற்றி, அங்கே வரும் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேருங்கள். அந்த இடத்துச் சூட்டைக் காட்டி எண் அமைதியாக நின்றால் கேபிளில் குற்றமில்லை. சென்சாரின் நுனி உறையைத் தொட்டு, தொட்டியின் எர்த்தோடு சேர்ந்திருக்கலாம். நுனி தனித்திருக்கும் வகையை மாட்டினால் சரியாகும். கம்பிகளைச் சேர்த்த பின்னும் குதித்தால், கேபிள் போகும் பாதையைப் பாருங்கள்: மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் படுத்திருக்கும். பிரித்துவிடுங்கள், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

குதிக்காமல் ஒரே அளவாகத் தவறு காட்டினால் அது வேறு வியாதி. கேபிளின் நடுவில் யாரோ சாதா செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் பதிலாக, கன்ட்ரோலரில் ஃபில்டரைக் கூட்டி எண்ணை அடக்கிவிடலாம் என்பார்கள். அடங்கும். பாய்லரில் அழுத்தம் குறைந்து கஞ்சி நிஜமாகவே ஆறும்போதும் அதே எண் சாவகாசமாகத்தான் இறங்கும்; அதற்குள் பல மீட்டர் பாவு உருளையைத் தாண்டிப் போயிருக்கும்.