எல்லை கடக்கும் புகையிரதமும் இளைஞர் வயதும்

தீவிலே பிறந்தவர்களாகிய நமக்குப் புகையிரதமேறிப் பிறநாடு செல்லுதல் இயல்பான அனுபவமன்று. தலைமன்னார்த் துறையில் இறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் பிடித்துச் சென்னை சென்ற தலைமுறை ஒன்று இருந்தது. 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பழைய வழி மறைந்தது. ஆயினும் இன்று நம் பழைய மாணவர் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இலண்டனிலும் பாரிசிலும் யேர்மனி நகரங்களிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குப் புகையிரதத்திற் செல்லுதல், நாம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு செல்லுதல் போன்றதே. ஆதலால், “எத்தனை வயதிற் பிள்ளையைத் தனியே அனுப்பலாம்?” என்னும் வினா நமக்கும் உரியதாகின்றது.

இவ்வினாவுக்கு ஓர் எண்ணை விடையாகக் கூறுதல் இயலாது. ஐரோப்பியப் புகையிரதப் பிரயாணத்திலே வயது மூன்று வெவ்வேறு பொருள்களில் ஆளப்படுகின்றது. ஒன்று கட்டணத்திற்குரிய வயது. மற்றொன்று துணையின்றி ஏறுதற்குரிய வயது. மூன்றாவது எல்லை கடத்தற்குரிய வயது. இம்மூன்றையும் ஒன்றென மயங்குவதனாலேயே பெரும்பாலான இடர்கள் விளைகின்றன.

முதலாவதாகக் கட்டண வயதை நோக்குவோம். சர்வதேசப் புகையிரதச் சங்கம் 1922 இல் நிறுவப்பட்டது. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1972 இல் ‘இன்ரர்ரெயில்’ என்னும் சீட்டு வெளியிடப்பட்டது. ஒரு சீட்டினாற் பல நாடுகளைச் சுற்றிவர அஃது இடமளித்தது. அன்று 21 வயதுக்கு மேற்பட்டோர் அதனைப் பெற இயலாது. 1976 இல் அவ்வெல்லை 23 ஆகவும், 1979 இல் 26 ஆகவும் உயர்ந்தது. 1998 இல் எல்லா வயதினருக்கும் சீட்டு வழங்கப்படலாயிற்று. இக்காலத்தில் 12 முதல் 27 வயது வரையுள்ளோர் இளைஞர் எனக் கொள்ளப்பட்டுக் குறைந்த விலையிற் சீட்டுப் பெறுகின்றனர். 4 முதல் 11 வயது வரையுள்ள சிறுவர், பெரியவர் ஒருவருக்கு இருவர் என்ற அளவில் இலவசமாகச் செல்லலாம். எனினும் அவர்களுக்கும் சீட்டுப் பெற்றே ஆகவேண்டும். நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குச் சீட்டே வேண்டியதில்லை.

இங்கு நுணுக்கம் ஒன்றுண்டு. வயது கணிக்கப்படுவது சீட்டு வாங்கும் நாளிலன்று. பிரயாணம் தொடங்கும் நாளிலேயாம். தொடங்கும் நாளில் 27 வயதினனாயிருந்தவன் இடையிலே 28 ஐ எட்டினும் அவன் சீட்டுச் செல்லும். மேலும், இச்சீட்டு ஐரோப்பாவில் வாழ்வோருக்கே உரியது. இங்கிருந்து செல்லும் நம் மாணவன் 1959 முதல் வழங்கிவரும் ‘யூரெயில்’ சீட்டையே பெறுதல் வேண்டும். பாரிசில் வாழும் மைத்துனனும் யாழ்ப்பாணத்து மைத்துனனும் ஒரே பெட்டியில் அமர்ந்து சென்றாலும் அவர்களுடைய சீட்டுகள் வெவ்வேறாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் நடத்திவரும் ‘டிஸ்கவர் ஈ.யூ.’ திட்டமோ, 18 வயதினரிடமிருந்து விண்ணப்பம் பெற்றுத் தெரிவாகுவோருக்கு இலவசச் சீட்டு நல்குகின்றது.

சலுகை வயது தவறினாற் பணமே நட்டமாகும். அடுத்த இரு வயதுகளும் அத்தன்மையனவல்ல; அவை தவறினாற் பிரயாணமே நின்றுபோகும்.

துணையின்றி ஏறும் வயதை அந்தந்தப் புகையிரத நிறுவனமே வகுக்கின்றது. இலண்டனையும் பாரிசையும் கடலடிச் சுரங்கத்தின் வழியாக 1994 முதல் இணைத்துவரும் யூறோஸ்ரார் சேவையை உதாரணமாகக் கொள்ளலாம். அதிலே 12 வயது நிரம்பாத பிள்ளை, 18 வயதுக்குக் குறையாத ஒருவர் துணையின்றிச் செல்ல இயலாது. 12 முதல் 15 வயது வரையுள்ளோர் தனியே செல்லலாம். ஆனாற் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம் வேண்டும். ஆகாயவிமானத்திற் போலப் பிள்ளையைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்லும் பணியாளர் இங்கில்லர் என்பதும் நினைவிலிருத்தற்குரியது. ஏறியபின் பிள்ளை தன் பொறுப்பிலேயே இருக்கின்றது.

மூன்றாவது, எல்லை வயது. இதனை வகுப்பது அரசு. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் 18 வயது நிரம்பாதவரைச் சிறுவர் என்கின்றது. நம் நாட்டிலும் பராயமடையும் வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1989 இலேயாம். ஆதலால் 16 வயது மாணவி ஒருத்தி நிறுவன விதிப்படி சம்மதப் பத்திரமின்றி ஏறத்தக்கவளாயினும், எல்லை அதிகாரியின் முன் சிறுமியே ஆவாள்.

பிரான்சு தேசத்தின் விதி நம்மவர் நன்கு அறியவேண்டியது. அங்கு வாழும் 18 வயது நிரம்பாத எப்பிள்ளையும், எந்நாட்டுப் பிரசையாயினும், தாயோ தந்தையோ உடன்வராது நாட்டை விட்டு வெளியேறுவதற்கு அநுமதிப் பத்திரம் வேண்டும். 2013 இல் நீக்கப்பட்ட இவ்விதி 2017 தை 15 ஆம் நாள் முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் ஒருவர் கையொப்பமிட்ட பத்திரமும், அவருடைய அடையாள ஆவணத்தின் பிரதியும், பிள்ளையின் கடவுச்சீட்டும் ஒருங்கே இருத்தல் வேண்டும். பேரனைக் கையிற் பிடித்துச் செல்பவர் சொந்தப் பாட்டனாரேயாயினும் இவ்விதி தளராது. பாட்டனார் அன்பினாற் பெற்றோருக்கு ஒப்பானவர், சட்டத்தின்படி ஒப்பாகார்.

இத்தாலியோ தன் பிரசைகளுள் 14 வயது நிரம்பாதோர் பிறநாடு செல்லுகையிற் பெற்றோர் உடன்செல்லாவிடின், அழைத்துச் செல்பவரைக் குறிப்பிடும் உறுதிமொழி ஒன்றைக் கேட்கின்றது.

இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே மற்றொரு சிறப்புண்டு. இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடுகின்றன. பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு அண்மையிலுள்ள வடக்குப் புகையிரத நிலையத்திலே பிரித்தானிய அதிகாரிகள் இருக்கின்றனர். பத்திரம் குறைந்தாற் பிள்ளை தடுக்கப்படுவது அங்கேயாம். மறுகரையிற் காத்து நிற்கும் மாமன் ஒன்றும் செய்ய இயலாது.

தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். தந்தையின் பெயரைத் தன் பெயரோடு இணைத்து வழங்குதல் நம் மரபு. ஆகவே தாயின் கடவுச்சீட்டிலே அவள் தந்தையின் பெயரும், பிள்ளையினதிலே அதன் தந்தையின் பெயரும் அமைதலுண்டு. குடும்பப் பெயர் வழிவழி வரும் நாட்டில் வளர்ந்த அதிகாரிக்கு இவ்விருவரும் அந்நியராகத் தோன்றலாம். பிரித்தானிய எல்லையில் இவ்வாறு பெயர் வேறுபடுமிடத்து உறவைக் குறித்து வினவுவர். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை உடன்கொண்டு செல்லுதல் இவ்விடரைத் தீர்க்கும்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு எனச் சிலர் சலிப்பர். பிள்ளைகளைக் கடத்தி விற்போர் உளர். பிரிந்து வாழும் பெற்றோருள் ஒருவர் மற்றவரறியாது பிள்ளையைப் பிறநாட்டுக்குக் கொண்டு செல்லுதலும் உண்டு. அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட 16 வயது நிரம்பாத பிள்ளையை மீட்டற்பொருட்டே 1980 இல் ஹேக் சமவாயம் எழுந்தது. இலங்கை 2001 இல் அதிற் சேர்ந்தது. எல்லையில் அதிகாரி கேட்கும் ஒரு கேள்வி நல்ல பெற்றோருக்குச் சில நிமிடத் தாமதம். ஆபத்திலுள்ள பிள்ளைக்கு அதுவே கடைசிக் காவலாகவும் அமையலாம்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கன சிலவே. சீட்டு வாங்குமுன் மூன்று வயதுகளையும் தனித்தனியே நோக்குக. நிறுவனத்தின் விதியையும், புறப்படும் நாட்டின் விதியையும், சேரும் நாட்டின் விதியையும் புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை சரிபார்க்குக. இவை காலந்தோறும் மாறுவன. எல்லாவற்றிற்கும் மேலாக, பத்திரங்களைப் பிள்ளையின் பையிற் செருகிவிட்டு அமையாது, அவை யாவை, எதற்காக, யாரிடம் காட்டற்குரியன என்பதைப் பிள்ளைக்கு விளக்குக. விதியின் காரணம் அறிந்த பிள்ளை அதிகாரியின் முன் அஞ்சி மயங்காது. கேட்டதற்கு நேராக விடை கூறும். தனியே பிரயாணம் செய்யும் தகுதியை வயது மட்டும் தருவதில்லை. அத்தெளிவைத் தருவது வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய கடமையாகும்.