சிறாரின் மனச்சோர்வு
வகுப்பில் வாய்திறவாதிருக்கும் மாணவன் தொல்லை தருவதில்லை. ஆதலின் நம் கவனத்திற்கும் வருவதில்லை. சிறாரிடத்து மனச்சோர்வு எப்போதும் அழுகையாகவே வெளிப்படுவதில்லை. எரிச்சல், காரணம் புலப்படாத வயிற்றுவலி, தூக்கக்கேடு, விளையாட்டில் வெறுப்பு, படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியனவும் அதன் குறிகளாகலாம். இவை இரண்டு வாரங்கள் நீடிப்பின், சோம்பல் என்றோ அடங்காமை என்றோ கருதித் தண்டித்தல் தகாது.

2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதேனுமொரு மனநலக் குறைபாடு காணப்பட்டது.

ஆசிரியர் அச்சிறுவனைத் தனியே அழைத்து, குறுக்கிடாது கேட்டல் வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என வினவினால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்கும் என அஞ்சற்க. உண்டெனில், அவனைத் தனித்து விடாது, பெற்றோருக்கும் மருத்துவருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில், எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.